சோபாவுக்குள் இருப்பது கருப்பை வரை போகுமா?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 31. கணவரின் வேலை காரணமாக ஆறு வருடமாக கலிஃபோர்னியாவில், ஃப்ரீமாண்டில் இருக்கிறோம். மூத்தவளுக்கு இரண்டரை வயது. இப்போது மறுபடி உண்டாகியிருக்கிறேன், ஏழாவது வாரம். முதல் பிரசவத்துக்குப் பிறகு தைராய்டு குறைவாக இருக்கிறது என்று சொல்லி, தினமும் 75 மைக்ரோகிராம் தைராக்ஸின் மாத்திரை சாப்பிட்டு வருகிறேன். இரண்டு மாதத்துக்கு முன் பார்த்ததில் டி.எஸ்.எச். 3.6. நார்மல் என்றார்கள்.

எங்கள் வீட்டு சோபா, ஊர் மாறிப் போன நண்பர் ஒருவர் விட்டுச் சென்றது. ஓரம் கிழிந்து மஞ்சள் ஃபோம் உதிர்கிறது. போன வாரம் சுத்தம் செய்யும்போது அடியில் ஒரு லேபிள் பார்த்தேன். கலிஃபோர்னியா டெக்னிக்கல் புல்லட்டின் 117 என்று அச்சிட்டிருந்தது. அது என்ன என்று தேடப் போனதுதான் வினை. தீத்தடுப்பு ரசாயனம், நஞ்சுக்கொடியில் தங்கும், தைராய்டைக் கெடுக்கும், பிள்ளையின் மூளையைப் பாதிக்கும் என்றெல்லாம் படித்துவிட்டு இரண்டு நாளாகத் தூக்கமில்லை. பெரியவள் அந்த சோபாவில்தான் குதித்து விளையாடுவாள். ரத்தத்தில் இதைப் பரிசோதிக்க முடியுமா? உடம்பிலிருந்து வெளியேற்ற மருந்து உண்டா? தாய்ப்பால் கொடுக்கலாமா? சென்னையில் இருக்கும் என் தங்கைக்கும் இப்போது நான்கு மாதம். அவளுக்கும் இந்தப் பிரச்சினை உண்டா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஃப்ரீமாண்ட்

பதில்: சோபா இருக்கட்டும், முதலில் அந்த 3.6-ஐப் பார்ப்போம். டி.எஸ்.எச். என்பது தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோன்; தைராக்ஸின் குறைந்தால் அது ஏறும். கர்ப்பமில்லாத ஒருவருக்கு அது நார்மல்தான். உங்களிடம் அப்படிச் சொன்னவர் தவறாகச் சொல்லவில்லை. ஆனால் தைராக்ஸின் சாப்பிடும் பெண் கருவுற்றால் கணக்கு மாறிவிடும். அவருக்கு டி.எஸ்.எச். 2.5-க்குக் கீழே இருப்பது நல்லது என்கிறது அமெரிக்க தைராய்டு சங்கத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல். நான்கிலிருந்து ஆறாவது வாரத்துக்குள்ளேயே உடம்புக்கு வேண்டிய தைராக்ஸின் கூடத் தொடங்குகிறது; கால் பங்கிலிருந்து அரைப் பங்கு வரை கூடும். தைராய்டு ஒழுங்காக வேலை செய்கிறவர்களுக்கு அது தானாகச் சுரந்துவிடும். உங்களுக்கு மாத்திரையில்தான் ஏற்ற வேண்டும். வழக்கமாக வாரத்துக்கு ஏழு என்பதை ஒன்பதாக்கிவிட்டு, கர்ப்பத்தின் பாதிக் காலம் வரை நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்ப்பார்கள். உங்கள் டாக்டரிடம் உடனே கேளுங்கள். முதல் செக்கப் தேதி வரட்டும் என்று இருக்க வேண்டாம். இதழ் அச்சாகும் வரை காத்திருக்கக் கூடாத விஷயம் என்பதால் இந்தப் பகுதியை உங்களுக்குத் தனியாகவே எழுதி அனுப்பிவிட்டேன்.

ரசாயனத்தைப் பற்றிக் கேட்டால் மாத்திரையைப் பற்றிப் பேசுகிறாரே என்று நினைப்பீர்கள். இரண்டும் ஒரே இடத்தில்தான் வந்து சேர்கின்றன.

லேபிளிலிருந்து தொடங்குகிறேன். 1975இல் கலிஃபோர்னியா ஒரு விதி கொண்டுவந்தது. சோபா, நாற்காலிகளுக்குள் வைக்கும் ஃபோமை உறையில்லாமல் தனியாக எடுத்து, சிறு தீச்சுடரை 12 விநாடி காட்டினால் அது பற்றி எரியாமல் அணைய வேண்டும். பெட்ரோலியத்திலிருந்து செய்யும் பாலியூரித்தேன் ஃபோம் இந்தச் சோதனையில் தேறுவதற்கு மலிவான வழி, ரசாயனத்தைக் கலப்பதுதான். கொஞ்சநஞ்சமல்ல, ஃபோமின் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவுக்கெல்லாம் கலந்தார்கள். ஒரு மாநிலத்துக்கு ஒரு சோபா, மற்ற மாநிலங்களுக்கு வேறு சோபா என்று யார் செய்வார்கள்? நாடு முழுவதும் அதே ஃபோம் போனது.

இதில் வேதனை என்னவென்றால், அந்தச் சோதனைக்கும் நிஜத் தீவிபத்துக்கும் பெரிய சம்பந்தமில்லை. வீட்டில் தீ முதலில் பற்றுவது மேல்துணியில். துணி எரியத் தொடங்கிவிட்டால், அந்த அளவு ரசாயனம் கலந்த ஃபோம் பெரிதாக எதையும் தடுப்பதில்லை. புகையில் கரியும் நச்சு வாயுவும் கூடுவதுதான் மிச்சம். சோபாத் தீக்கு முக்கியக் காரணம் அணையாத சிகரெட். தானாக அணையும் சிகரெட் செய்யச் சொன்னபோது அதைத் தட்டிக்கழிக்க சிகரெட் கம்பெனிகள் பழியை நாற்காலிமேல் போட்டதையும், ரசாயனக் கம்பெனிகள் பொதுநல அமைப்பு என்ற போர்வையில் ஆள் வைத்துப் பேச வைத்ததையும் 2012இல் சிகாகோ டிரிப்யூன் நாளிதழ் ஒரு தொடராக வெளியிட்டது. அதற்குப் பிறகுதான் விதி மாறியது. தீச்சுடருக்குப் பதில் புகைந்து எரியும் தன்மையைச் சோதிக்கும் புதிய விதிக்கு டி.பி. 117-2013 என்று பெயர். 2015 முதல் அது கட்டாயம்; இதில் தேற ரசாயனம் தேவையில்லை. 2021இல் இதுவே அமெரிக்கா முழுவதற்கும் பொதுவிதி ஆயிற்று. ஆகவே உங்கள் லேபிளில் 117 என்று மட்டும் இருக்கிறதா, 117-2013 என்று இருக்கிறதா என்று இன்னொரு முறை பாருங்கள். தயாரித்த தேதியும் அதிலேயே பெரும்பாலும் இருக்கும்.

தேதி ஏன் முக்கியம் என்றால், காலத்துக்கேற்ப ரசாயனம் மாறியிருக்கிறது. 2004 முடியும் வரை ஃபோமில் கலந்தது பெரும்பாலும் பென்டா எனப்படும் கலவை. இது பி.பி.டி.இ. என்ற பிராமின் சேர்ம வகையைச் சேர்ந்தது. அந்த ஆண்டோடு அமெரிக்காவில் அதன் உற்பத்தி நின்றது. 2009இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப் பட்டியலிலும் சேர்ந்தது. அதன் இடத்துக்கு வந்தவை குளோரினேட்டட் டிரிஸ், ஃபயர்மாஸ்டர் 550 போன்றவை. இந்தக் குளோரினேட்டட் டிரிஸ், 1970களில் குழந்தைகளின் இரவு உடையிலிருந்து ஆபத்து என்று விலக்கப்பட்ட அதே பொருள். முன்வாசல் வழியாக வெளியே போனது பின்வாசல் வழியாக சோபாவுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

இவை எதுவும் ஃபோமோடு வேதிப்பிணைப்பில் கட்டுண்டு இருப்பதில்லை. சும்மா கலந்து கிடக்கின்றன. உட்கார்ந்து எழும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறி வீட்டுத் தூசியில் படிகின்றன. தூசி கையில், கை வாயில். அமெரிக்கர்களின் உடம்பில் பி.பி.டி.இ. சேர்ந்ததில் பெரும்பங்கு சாப்பாட்டால் அல்ல, இந்தத் தூசியால். தரையில் தவழ்ந்து, விரலைச் சூப்பும் பிள்ளைகளின் உடம்பில் அம்மாவைவிட அதிகம் இருப்பதும் இதனால்தான். பென்டா வகை கொழுப்பில் கரைவது. உடம்புக்குள் போனால் வருடக்கணக்கில் தங்கும்.

இனி தைராய்டுக்கு வருவோம். தைராக்ஸின் மூலக்கூறு எப்படி இருக்கும்? இரண்டு வளையங்கள், நடுவில் ஓர் ஆக்ஸிஜன் பாலம், சுற்றி நான்கு அயோடின். பி.பி.டி.இ. மூலக்கூறிலும் அதே இரண்டு வளையங்கள், அதே பாலம். அயோடின் இருக்க வேண்டிய இடத்தில் பிராமின். நம் கல்லீரல் இதை வெளியேற்றும் முயற்சியில் ஒரு ஹைட்ராக்ஸில் தொகுதியை ஒட்டிவிடுகிறது. அதனால் அது தைராக்ஸினை இன்னும் நெருக்கமாக ஒத்துவிடுகிறது. உதவி செய்யப் போய் உபத்திரவம்.

தைராக்ஸின் ரத்தத்தில் தனியாகத் திரிவதில்லை. புரதங்களின் மேல் ஏறித்தான் பயணம் செய்யும். அவற்றில் ஒன்று டிரான்ஸ்தைரெடின். அந்தப் புரதத்தில் தைராக்ஸின் உட்கார வேண்டிய இடத்தை ஹைட்ராக்ஸில் ஏறிய பி.பி.டி.இ. போய்ப் பிடித்துக்கொள்கிறது. டவுன் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம்பிடிப்பவரைப் போல, உரியவர் ஏறி வரும்போது இடம் இருக்காது. சர்க்யூட் போர்டுகளில் பயன்படும் டி.பி.பி.பி.ஏ. என்ற இன்னொரு பிராமின் சேர்மம், சோதனைக்குழாயில் தைராக்ஸினைவிட வலுவாக அந்தப் புரதத்தைப் பற்றிக்கொண்டதை நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டிலேயே காட்டினார்கள்.

பயப்படுவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். எலிகளுக்கு டிரான்ஸ்தைரெடின்தான் பிரதான வாகனம். மனிதர்களின் ரத்தத்தில் தைராக்ஸினில் முக்கால் பங்கு வேறொரு புரதத்தின் மேல் போகிறது. டிரான்ஸ்தைரெடினுக்குச் சின்னப் பங்குதான். எனவே எலிக்கு பி.பி.டி.இ. கொடுத்ததும் தைராக்ஸின் சரசரவென்று இறங்கியது என்பதை அப்படியே நமக்குப் பொருத்திப் பார்க்க முடியாது. நீங்கள் இணையத்தில் படித்து மிரண்ட பல வரிகளுக்குப் பின்னால் எலி இருக்கிறது.

அப்படியானால் கவலையே வேண்டாமா? வேண்டும், காரணம் நஞ்சுக்கொடி. பலர் அதை அம்மாவுக்கும் பிள்ளைக்கும் இடையே உள்ள ஒரு வடிகட்டி என்று நினைக்கிறார்கள். முழு மாதத்தில் அரைக் கிலோ எடையுள்ள அந்த உறுப்பு, கர்ப்ப காலத்தின் ஹார்மோன் தொழிற்சாலை. பிள்ளையின் தைராய்டு 12ஆவது வாரத்துக்குப் பிறகுதான் மெல்லச் சுரக்க ஆரம்பிக்கிறது. சொந்தக் காலில் நிற்கும்போது ஐந்தாம் மாதம் ஆகிவிடும். அதுவரை மூளைச் செல்கள் பெருகுவதற்கும் இடம் மாறி அடுக்குவதற்கும் வேண்டிய தைராக்ஸின் அம்மாவிடமிருந்துதான் வர வேண்டும். எவ்வளவு உள்ளே விடுவது என்று நிர்ணயிப்பது நஞ்சுக்கொடி. தைராக்ஸினை உள்ளே கடத்தும் புரதங்கள் அதில் உண்டு. மிஞ்சியதைச் செயலிழக்கச் செய்யும் டிஅயோடினேஸ் நொதியும், சல்பேட்டை ஒட்டி அனுப்பும் நொதியும் உண்டு. அதோடு, மேலே சொன்ன அதே டிரான்ஸ்தைரெடினை நஞ்சுக்கொடி தானே தயாரித்துப் பயன்படுத்துகிறது. அம்மாவின் ரத்தத்தில் பெரிதாகப் பொருட்படுத்த வேண்டாத இடைஞ்சல், இந்த இடத்தில் பொருட்படுத்த வேண்டியதாகிவிடலாம். சல்பேட் நொதியையும் டிஅயோடினேஸையும் இந்த ரசாயனங்கள் தடுப்பது சோதனைக்கூடத்தில் உறுதியான விஷயம்.

வட கரோலினாவில் டியூக் பல்கலைக்கழகத்தின் ஹெதர் ஸ்டேபிள்டன் குழுவினர் இதை நேராக நஞ்சுக்கொடியிலேயே பார்த்தார்கள். டர்ஹாம் நகரத்துத் தாய்மார்களின் 102 நஞ்சுக்கொடிகள். 2016இல் முடிவுகள் வெளிவந்தன. பிராமின் சேர்மங்கள் அவற்றில் இருந்தன என்பது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, சில சேர்மங்கள் ஆண் குழந்தைகளின் நஞ்சுக்கொடியில் அதிகமாக இருந்தது. தைராய்டு ஹார்மோன்களோடும் நொதிகளோடும் அவற்றுக்கு இருந்த தொடர்பும் ஆணுக்கு ஒரு மாதிரி, பெண்ணுக்கு ஒரு மாதிரி. நஞ்சுக்கொடி குழந்தையின் மரபணுவைக் கொண்டது என்பதால் அதற்கும் ஆண், பெண் உண்டு என்பதைப் பல ஆய்வுகள் கணக்கில் எடுப்பதே இல்லை. என் பார்வையில், இத்தனை வருடம் முடிவுகள் குழம்பிக் கிடந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

குழப்பம் எவ்வளவு என்று கேட்டால் உங்களுக்கே சிரிப்பு வரும். உங்கள் மாநிலத்தில் சலினாஸ் பள்ளத்தாக்கில், விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 270 கர்ப்பிணிகளிடம் பார்த்தபோது, பி.பி.டி.இ. கூடுதலாக இருந்தவர்களுக்கு டி.எஸ்.எச். குறைந்திருந்தது. அதே மாநிலத்தில் 25 பேரை மட்டும் வைத்துச் செய்த இன்னொரு ஆய்வில் டி.எஸ்.எச். கூடியிருந்தது. டர்ஹாமில் 34 வாரம் கடந்தவர்களிடம் டி.எஸ்.எச். அப்படியே இருக்க, தைராக்ஸின் கூடியிருந்தது. ஒன்று சொல்வதை மற்றது மறுக்கிறது. எந்த மாதத்தில் ரத்தம் எடுத்தார்கள், அயோடின் எவ்வளவு இருந்தது, கூடவே வேறென்ன ரசாயனங்கள் இருந்தன என்பதைப் பொறுத்து முடிவு மாறுகிறது. இன்னொன்று, இந்த மாற்றங்கள் எல்லாம் பெரும்பாலும் நார்மல் எல்லைக்குள்ளேயே நடப்பவை. உங்கள் லேப் ரிப்போர்ட்டில் சிவப்பு எழுத்தில் வராது.

மூளை வளர்ச்சி பற்றிய ஆய்வுகள் இவ்வளவு முரண்படவில்லை; பெரும்பாலும் ஒரே திசையைக் காட்டுகின்றன. நியூயார்க்கில் இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்குப் பின் பிரசவித்த தாய்மார்களின் தொப்புள்கொடி ரத்தத்தைச் சோதித்து, பிள்ளைகளை ஆறு வயது வரை கொலம்பியா பல்கலைக்கழகத்தார் தொடர்ந்து பார்த்தார்கள். பி.பி.டி.இ. அதிகம் இருந்த பிள்ளைகளின் வளர்ச்சி மதிப்பெண்கள் குறைவாக இருந்தன. சின்சினாட்டியிலும் சலினாஸிலும் இதே போக்கு. 2017இல் இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தாயின் உடம்பில் பி.பி.டி.இ. பத்து மடங்கு கூடினால் பிள்ளையின் ஐ.க்யூ. சராசரியாக 3.7 புள்ளி குறைகிறது என்று வந்தது.

இந்த எண்ணை வைத்துக்கொண்டு உங்கள் பிள்ளைக்கு ஜாதகம் கணிக்கக் கூடாது. பத்து மடங்கு என்பது மிகக் குறைந்த அளவுள்ள பெண்ணுக்கும் மிக அதிக அளவுள்ள பெண்ணுக்கும் இடையிலுள்ள தூரம். லட்சம் பிள்ளைகளைச் சேர்த்துப் பார்த்தால் 3.7 பெரிய இழப்பு. அரசாங்கம் தூக்கமிழக்க வேண்டிய எண். ஒரு பிள்ளையின் படிப்பையும் பேச்சையும் தீர்மானிக்க வீட்டில் அதைவிடப் பெரிய விஷயங்கள் நூறு உண்டு.

இப்போது அந்த மாத்திரைக் கதைக்குத் திரும்புவோம். அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் கர்ப்ப காலத்தில் தைராய்டு குறைவாக இருந்தும் கண்டுபிடிக்கப்படாமல் போன தாய்மார்களை 1999இல் ஆராய்ந்தார்கள். சிகிச்சை பெறாத 48 பேரின் பிள்ளைகளுக்கு ஐ.க்யூ. மற்றவர்களைவிட 7 புள்ளி குறைவாக இருந்தது. இதுவும் 3.7 புள்ளி சொன்னதும் வேறு வேறு வகை ஆய்வுகள், தராசில் வைத்து நிறுக்க முடியாது. அந்தத் தாய்மார்களின் டி.எஸ்.எச்.சும் உங்களுடையதைவிட மிக அதிகம். ஆனாலும் எனக்கு அதிலிருந்து ஒன்று தெளிவாகத் தெரிகிறது. தீத்தடுப்பு ரசாயனத்தைக் கண்டு நாம் அஞ்சுவது, அது பிள்ளைக்குப் போக வேண்டிய தைராக்ஸினில் கை வைக்கும் என்பதற்காக. அந்தத் தைராக்ஸினை நேரடியாகச் சரிசெய்யும் வழி உங்கள் கையில், ஒரு மாத்திரை டப்பாவில் இருக்கிறது. உடம்பில் ஏற்கெனவே சேர்ந்துவிட்ட பி.பி.டி.இ.யை உங்களால் இந்த ஒன்பது மாதத்தில் ஒன்றும் செய்ய முடியாது, டி.எஸ்.எச்.சைச் செய்ய முடியும். அதற்காக, கூடுதலாகப் போட்டுக்கொண்டால் பிள்ளை கெட்டிக்காரனாகப் பிறப்பான் என்று நினைத்துவிடாதீர்கள். தாயின் தைராக்ஸின் மிகக் குறைந்தாலும் மிகக் கூடினாலும் பிள்ளைக்கு நல்லதல்ல என்று நெதர்லாந்தின் ராட்டர்டாமில் செய்த பெரிய ஆய்வு காட்டியிருக்கிறது. காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை. இரும்பு, கால்சியம் மாத்திரைகள் அதற்கு நான்கு மணி நேரம் கழித்து. கர்ப்பிணிகள் தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், எல்லா மாத்திரையையும் ஒரே வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிடுவார்கள்.

அடுத்தது உப்பு. கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு 250 மைக்ரோகிராம் அயோடின் வேண்டும். அங்கே இருக்கும் நம் குடும்பங்கள் பலவற்றில் இப்போது பிங்க் நிறத்து இமயமலை உப்பும் கடல் உப்பும்தான் மேஜையில் இருக்கின்றன. பெயருக்கேற்ற அழகு உண்டு, அயோடின் இல்லை. அயோடின் குறைந்த உடம்பில் சிறு இடையூறும் பெரிதாகப் படும். பிரசவம் வரைக்குமாவது சாதாரண அயோடின் உப்புக்கு மாறுங்கள். நீங்கள் சாப்பிடும் கர்ப்பகால வைட்டமின் மாத்திரை டப்பாவில் அயோடின் 150 மைக்ரோகிராம் என்று இருக்கிறதா பாருங்கள். அங்கே விற்கும் எல்லா வைட்டமினிலும் அது இருப்பதில்லை. கடற்பாசி மாத்திரை மட்டும் வேண்டாம். அதில் அயோடின் அளவு தாறுமாறாக இருக்கும்.

சோபா. லேபிளில் பழைய 117 இருந்து, ஃபோமும் உதிர்கிறது என்றால் அது வீட்டை விட்டுப் போகட்டும். ஃபோமை நீங்களே பிய்த்து மாற்ற வேண்டாம், தூசி கிளம்பும்; வேறொருவர் தூக்கிப் போகட்டும், நீங்களும் பெரியவளும் அந்த நேரம் வெளியே இருங்கள். புதிது வாங்க வசதிப்படாவிட்டால், கடையில் கொடுத்து உள்ளிருக்கும் ஃபோமை மட்டும் மாற்றினாலும் போதும். உங்கள் மாநிலத்திலேயே பழைய சோபாவையோ அதன் ஃபோமையோ மாற்றிய வீடுகளில் செய்த ஆய்வில், பிறகு தூசியில் இந்த ரசாயனங்கள் குறைந்திருந்தன. புதிது வாங்கினால், தீத்தடுப்பு ரசாயனம் சேர்க்கப்பட்டுள்ளதா இல்லையா என்று லேபிளில் சொல்லியே ஆக வேண்டும் என்பது 2015 முதல் கலிஃபோர்னியாவில் சட்டம். 2020 முதல் சோபாவிலும் குழந்தைகளுக்கான பொருள்களிலும் அதைக் கலப்பதற்கே தடை. பழைய சோபாவை அடுத்து வரும் தமிழ்க் குடும்பத்துக்குக் கொடுத்துவிடாதீர்கள். உங்களுக்கு அது அப்படித்தான் வந்தது.

அது போகும் வரையில், போன பிறகும் சில மாதங்களுக்கு, தூசியை ஈரத் துணியால் துடையுங்கள். துடைப்பத்தால் கூட்டினால் தூசி இடம் மாறும், அவ்வளவுதான். ஹெப்பா ஃபில்டர் உள்ள வாக்குவம் இருந்தால் நல்லது. எல்லாவற்றையும்விட எளிது, சாப்பிடுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவது. நியூயார்க்கில் தாய்மார்களை ஒரு வாரம் அடிக்கடி கை கழுவவும் வீட்டைத் துடைக்கவும் சொல்லிப் பார்த்தார்கள். கையில் படிந்திருந்த ரசாயன அளவு கணிசமாகக் குறைந்தது. கையால் பிசைந்து சாப்பிடுகிற நமக்கு இது இன்னும் அவசியம். பெரியவளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

இரண்டு இடங்களைப் பலர் யோசிப்பதில்லை. ஒன்று கார். இருக்கை ஃபோமில் இன்னும் இந்த ரசாயனங்கள் உண்டு. வெயிலில் நின்ற காருக்குள் காற்றில் அளவு ஏறும். ஏறியவுடன் ஜன்னலைச் சிறிது நேரம் திறந்து வையுங்கள், முடிந்தால் நிழலில் நிறுத்துங்கள். குழந்தையின் கார் சீட்டை மட்டும் எக்காரணத்தாலும் விட்டுவிடக் கூடாது. இன்னொன்று நகப்பூச்சு. ஃபயர்மாஸ்டர் 550-இல் இருக்கும் டிரைஃபினைல் பாஸ்பேட், பல நகப்பூச்சுகளிலும் கலக்கப்படுகிறது. பூசிய பத்துப் பதினான்கு மணி நேரத்தில் அதன் கழிவுப்பொருள் சிறுநீரில் ஏழு மடங்கு வரை ஏறியதை டியூக் ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். இந்த வகைப் பாஸ்பேட்டுகள் உடம்பில் வருடக்கணக்கில் தங்குவதில்லை, ஒன்றிரண்டு நாளில் போய்விடும். ஆனால் பாஸ்டனில் செயற்கைக் கருத்தரிப்புக்கு வந்த 211 பெண்களில் இவற்றின் அளவு கூடியிருந்தவர்களுக்குக் கர்ப்பம் தங்குவது குறைவாக இருந்தது. பென்டாவுக்கு மாற்று என்று வந்தவை சாதுவானவை அல்ல. வளைகாப்பு வரை நகப்பூச்சைத் தள்ளிப்போட்டால் நஷ்டமில்லை.

ரத்தப் பரிசோதனை கேட்டிருந்தீர்கள். ஆராய்ச்சிக்கூடங்களில் செய்வார்கள், சாதாரண லேப்களில் கிடையாது. கிடைத்தாலும் நான் எழுதித் தர மாட்டேன். இந்த அளவுக்கு மேல் ஆபத்து என்று எல்லை வகுத்த எண் இல்லாதபோது, வரும் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு தூக்கம் கெடுவதைத் தவிர என்ன செய்யப் போகிறீர்கள்? வெளியேற்றும் மருந்தும் கிடையாது. டீடாக்ஸ் என்று விற்கும் பொடி, கஷாயம், பட்டினி எதுவும் கர்ப்பத்தில் கூடவே கூடாது. ஆறுதலாக ஒன்று சொல்கிறேன். சான்ஃபிரான்சிஸ்கோ அரசு மருத்துவமனைக்கு வந்த கர்ப்பிணிகளின் ரத்தத்தில் பி.பி.டி.இ. அளவு, 2008-09க்கும் 2011-12க்கும் இடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைந்துவிட்டது. அவர்கள் யாரும் கஷாயம் குடிக்கவில்லை. தடை வேலை செய்தது.

தாய்ப்பாலில் பி.பி.டி.இ. வரும், உண்மைதான். ஸ்வீடனில் சேமித்து வைத்திருந்த தாய்ப்பாலைச் சோதித்துத்தான், 1972 முதல் 1997 வரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை இதன் அளவு இரட்டிப்பாகி வந்ததையே உலகம் கண்டுகொண்டது. ஆனாலும் கொடுங்கள். தாய்ப்பாலால் வரும் நன்மை இதைவிடப் பல மடங்கு பெரிது. குழந்தை மருத்துவர்கள் யாரும் இந்தக் காரணத்துக்காக நிறுத்தச் சொல்வதில்லை.

சென்னைத் தங்கை. அவர் வீட்டு சோபாவுக்கு 12 விநாடிச் சட்டம் எதுவும் இருந்ததில்லை. இந்தியாவில் பல இடங்களைச் சேர்ந்த தாய்மார்களின் பாலில் செய்து 2012இல் வெளியான ஆய்வில் பிராமின் சேர்மங்கள் இருந்தன, ஆனால் வட அமெரிக்க அளவோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. இங்கே ஆபத்து சோபாவில் அல்ல, பழைய டி.வி., கம்ப்யூட்டர்களை உடைத்துப் பிரிக்கும் இடங்களிலும், குப்பைக் கிடங்கு எரியும் புகையிலும் இருக்கிறது. அதன் அருகில் குடியிருக்கும் கர்ப்பிணிகளின் நிலைமை வேறு. அவர்கள் யாரும் எனக்குக் கடிதம் எழுதுவதில்லை. உங்கள் தங்கை அப்படிப்பட்ட இடத்தில் இல்லையென்றால் அவர் இதை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். அவர் கவலைப்பட வேண்டியது உப்பைப் பற்றி. தூத்துக்குடியில் அத்தனை உப்பு விளைந்தும், 2018-19 தேசியக் கணக்கெடுப்பில் அயோடின் உப்புப் பயன்பாட்டில் இந்தியாவிலேயே கடைசியில் நின்றது தமிழ்நாடு. வீட்டில் அயோடின் பாக்கெட் உப்புதானா என்று பார்க்கச் சொல்லுங்கள். நான்கு மாதம் ஆகியும் டி.எஸ்.எச். பார்க்கவில்லையென்றால், அடுத்த செக்கப் வரை தள்ளாமல் இந்த வாரமே பார்த்துவிடச் சொல்லுங்கள்.